காற்று திருப்பித் தராத ஐந்து நிமிடம்

வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் மாமி, லண்டனிலுள்ள மகளிடம் போக எடுத்த டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஜூலைப் பயணம். "மதியம் 1 மணிக்கு ஏறினால் மாலை 7.30க்கு இறங்கலாமாம். திரும்பும்போது இரவு 9 மணிக்கு ஏறி, மறுநாள் மதியம் 12க்குத்தான் கட்டுநாயக்க வருகிறது. ஒரே தூரம்தானே தம்பி?"

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னே நிற்கிறது, குளிர்காலத்தில் ஐந்தரை. போகும்போது அந்த நாலரையைக் கூட்டினால் 11 மணி நேரம். வரும்போது கழித்தால் பத்தரை. மிஞ்சும் அரை மணி கடிகாரத்தின் வேலை அல்ல.

தூரத்தின் வேலையும் அல்ல. கொழும்பிலிருந்து லண்டனுக்கு மிகக் குறுகிய பாதை ஏறக்குறைய 8,700 கி.மீ. சுவர்ப்படத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டால் அது அரபிக்கடலைக் குறுக்கே வெட்டும். அந்தத் திசையை மாற்றாமல் பறந்தால் 200 கி.மீ.க்கு மேல் கூடிவிடும். பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் அது இந்தியாவின் மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறும். அதுவே குறுக்குவழி. மூடப்பட்ட வான்பரப்புகளைச் சுற்றிப் போவதால் விமானங்கள் உண்மையில் பறப்பது இன்னும் நீளமான வழி.

பூமி சுழல்வதால் லண்டன் விலகிப் போகிறது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. காற்றும் அதற்குள் பறக்கும் விமானமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன.

காரணம் காற்று. தரையிலிருந்து 10, 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. வெப்பமான தெற்கிலிருந்து குளிர்ந்த வடக்குக்கு நகர முயலும் காற்றைப் பூமியின் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுகிறது. வெப்ப வேறுபாடு கூடும் குளிர்காலத்தில் இந்த ஆறு வட இந்தியா, ஈரான் வரை தெற்கே இறங்கி வலுக்கிறது. மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. களனி ஆற்றில் தோணி விடுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துடுப்பு ஒன்றுதான், நீரோட்டத்தோடு போனால் கரை விரைந்து நகரும், எதிர்த்துப் போனால் தயங்கும்.

மாமியின் வீட்டு நாட்காட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்று சராசரியாக 60 என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் 8,700 கி.மீ.க்கு 9 மணி 40 நிமிடம். எதிர்க்காற்றில் வேகம் 840 ஆகிறது. 41 நிமிடம் கூடுகிறது. பின்காற்றில் 960, ஆனால் 36 நிமிடம்தான் மிச்சமாகிறது. போகும்போது எடுத்ததைக் காற்று வரும்போது முழுதாகத் தருவதில்லை. எதிர்க்காற்றுக்குள் நாம் அதிக நேரம் இருக்கிறோம். பின்காற்றைவிட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடுகிறோம். அதனால்தான் அந்த ஐந்து நிமிட நட்டம்.

இருக்கைக்கு எதிரேயுள்ள திரையில் தரைவேகத்தைக் குறித்துவரும்படி மாமியிடம் சொல்லியிருக்கிறேன். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. பேனாவைக் கைப்பைக்குள் வைத்துவிட்டார்.