கிளைம் கோப்பு தெரிந்த மென்பொருளாளர் வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் மேட்டில் ஒரு வீடு. சீலிங்குக்கு மேலே இருக்கும் 150 லிட்டர் கீசர் நள்ளிரவில் பிளந்துவிடுகிறது. தண்ணீர் ஊறி சீலிங் பலகை தொங்குகிறது, மெத்தையும் அலமாரியும் நனைந்துவிட்டன. வீட்டுக்காரர் போனை எடுத்துக் காப்பீட்டுச் செயலியைத் திறக்கிறார். முதல் கேள்வியே ‘சேதத்துக்குக் காரணம் என்ன?’ என்பதுதான். விபத்து, வானிலை, தேய்மானம், மற்றவை என நான்கு பொத்தான்கள் இருக்கின்றன. கீசருக்குப் பன்னிரண்டு வயது. அவர் நேர்மையாகத் ‘தேய்மானம்’ என்பதைத் தொடுகிறார். சில நிமிடத்தில் நிராகரிப்புக் கடிதம் வந்துவிடுகிறது.

அந்தத் திரையை எழுதியவர் கெட்டிக்கார நிரலாளராகவே இருக்கலாம். ஆனால் அவர் ஒரு கீசர் கிளைம் கோப்பைக்கூட முழுதாகப் படித்ததில்லை என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது.

கீசர் கிளைம் என்பது உண்மையில் இரண்டு கிளைம். ஒன்று கீசருக்கானது, மற்றது அதிலிருந்து கொட்டிய தண்ணீர் செய்த சேதத்துக்கானது. கீசர் பழசாகிப் பிளந்திருந்தாலும், திடீரென்று கொட்டிய தண்ணீரால் சீலிங்குக்கும் சாமான்களுக்கும் வந்த சேதத்தைப் பல வீட்டுப் பாலிசிகள் ஏற்கின்றன. கீசரையே ஒரு வரம்புவரை ஏற்கும் பாலிசிகளும் உண்டு. கீசர் உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் அதை மாற்றித் தர வேண்டியவர் தயாரிப்பாளர். காப்பீட்டாளரின் பங்கு தண்ணீர்ச் சேதத்தோடு முடியும். ஆகவே காரணத்தை வாடிக்கையாளரிடம் கேட்கவே கூடாது. கேட்க வேண்டியது அவர் கண்ணால் பார்த்ததை மட்டும்: தண்ணீர் எப்போது தெரிந்தது? சொட்டிச் சொட்டியா, ஒரே கொட்டாகவா? கீசர் உடம்பில் ஒட்டியுள்ள தகட்டில் இருக்கும் தயாரிப்பு நாளும் வரிசை எண்ணும் தெரியும்படி ஒரு படம். அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வுக்கு ஒரு படம். அடியில் நீர்த்தட்டு இருக்கிறதா என்று காட்ட ஒரு படம். அந்தப் படங்களைக் கேட்பதற்கு முன்னால், டி.பி. போர்டில் (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியில்) கீசர் சுவிட்சை அணைக்கவும் தெருக்குழாய் வால்வை மூடவும் செயலி சொல்ல வேண்டும். ஈர சீலிங்குக்குள் மின்சாரம் ஓடும்போது யாரையும் மேலே ஏறிப் படமெடுக்கச் சொல்லக் கூடாது.

காரணத்தைத் தீர்மானிப்பது பிளம்பரின் அறிக்கை. கீசர் பொருத்துவதற்கென்று இந்த நாட்டில் சான்ஸ் 10254 என்ற தரநிலை இருக்கிறது. 400 கிலோபாஸ்கல் கீசருக்கு 600 கிலோபாஸ்கல் வால்வு பொருத்தியிருந்தால் அது தேய்மானம் ஆகாது, பொருத்தியவரின் தவறு. அந்தக் கோப்பு போகும் வழியே வேறு. இதெல்லாம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த நான்கு பொத்தான்கள் பிறந்திருக்கவே மாட்டா.

தென்னாப்பிரிக்கா காப்பீட்டுப் புதுமையில் பின்தங்கிய நாடு அல்ல. டிஸ்கவரி 1992-இல் தொடங்கியது. உடற்பயிற்சிக்கும் நல்ல உணவுக்கும் வெகுமதி தரும் அதன் வைட்டாலிட்டி திட்டம் 1997-இல் வந்து, பிறகு பல நாடுகளுக்குப் போனது. காரோட்டும் விதத்தை அளந்து பிரீமியத்தோடு இணைப்பது, நேக்கட், பைனாப்பிள் போன்ற நிறுவனங்கள் போனிலேயே பாலிசி தருவது எல்லாம் இங்கே பழகிவிட்டன. சொந்த உரிமம் இல்லாத சிறு நிறுவனங்கள் உரிமம் பெற்ற காப்பீட்டாளரின் கீழ் தனிக் கணக்கு வைத்துத் தொழில் செய்யும் ‘செல் கேப்டிவ்’ ஏற்பாடும் இங்கே வேரூன்றியது. (அதனால்தான் செயலியின் பெயரோடு நின்றுவிடாமல், பாலிசியின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் காப்பீட்டாளரின் பெயரையும் பார்க்கச் சொல்கிறோம், பணம் தரக் கடமைப்பட்டவர் அவர்.) ஆனால் இந்தத் திறமையில் பெரும்பகுதி விற்கும் பக்கத்துக்கே போகிறது. இரண்டு நிமிடத்தில் பாலிசி எடுத்துவிடலாம். கிளைம் என்று வந்தால் பழைய படிவமே கண்ணாடித் திரைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களை நேராகத் தொடும் இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது அடையாள எண். தென்னாப்பிரிக்க அடையாள எண்ணுக்கு 13 இலக்கம். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கு 5000-க்குக் கீழ் இருந்தால் பெண், 5000 முதல் ஆண். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஒரு எண்ணைத் தவறாகத் தட்டினால் அது பிடித்துவிடும். அது பிடிக்காத பிழை, ஆண்டு இரண்டே இலக்கமாக இருப்பது. பைத்தான் மொழியின் இயல்பான நாள் வாசிப்பு 69 முதல் 99 வரை 1900-களாகவும், 00 முதல் 68 வரை 2000-களாகவும் எடுக்கும். 1955-இல் பிறந்த அம்மா அதன் கணக்கில் 2055-இல்தான் பிறக்கப் போகிறார். எக்செல் 29 வரை 2000-களில் போடும்; 1928-இல் பிறந்த பாட்டி அங்கே 2028. மைனஸ் வயது வந்தால் மென்பொருள் கோப்பைத் திருப்பி அனுப்பும், அதையாவது யாராவது பார்ப்பார்கள். 1924-இல் பிறந்த பாட்டியை 2024-இல் பிறந்த குழந்தையாக எடுத்துக்கொண்டு, குழந்தைக்கான தொகையைக் கணக்கிட்டுவிட்டால் யார் கண்ணிலும் படாது. குடும்பப் பாலிசியில் உறவுமுறையையும் சேர்த்துப் பார்த்து நூற்றாண்டை முடிவு செய்ய வேண்டும். பத்து வரி நிரல் போதும், ஆனால் அது தேவை என்று முதலில் ஒருவருக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது பெயர். 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தத் தொழிலாளர்களோடு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்த நாளிலிருந்து, நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியவர்கள் எழுத்தர்கள். நாயுடு, பிள்ளை, முதலி, படையாச்சி ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் பல எழுத்து வடிவங்கள் உண்டு. அப்பாவின் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயரான வீடுகளில், ஒரே தாத்தாவின் பேரன்களுக்கு வெவ்வேறு குடும்பப் பெயர். இதன்மேல் மோசடி தேடும் மென்பொருள் வந்து உட்காருகிறது. பெயர் ஒப்பிட இன்னும் பல இடங்களில் ஓடுவது சவுண்டெக்ஸ், ஆங்கிலப் பெயர்களின் ஒலியைக் குறியீடாக்க நூறாண்டுக்கு முன் செய்த முறை. அதில் கோவேந்தரும் கோவிந்தசாமியும் ஒரே குறியீடு, ஜி-153. பிள்ளையும் பால் என்ற ஆங்கிலப் பெயரும் ஒன்றே, பி-400. நாயுடுக்கள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் ஒரே வாரம் இரண்டு நாயுடு கிளைம் வந்தால் அது ‘இரட்டைக் கிளைம்’ என்று சிவப்புக் கொடி ஏறும்.

கொடி ஏறுவதன் விலையைக் கணக்காகவே பாருங்கள். 1,000 கிளைமில் 20 மோசடி என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் மோசடியில் 90 விழுக்காட்டைப் பிடிக்கிறது, நேர்மையானவற்றில் 5 விழுக்காட்டைத் தவறாகச் சந்தேகிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. பிடிபட்ட மோசடி 18. சந்தேகிக்கப்பட்ட நேர்மையானவர்கள் 49. கொடி ஏறிய 67 பேரில் முக்கால்வாசிப் பேர் குற்றமற்றவர்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘துல்லியம் 90-க்கு மேல்’ என்று மட்டும் சொல்பவரிடம் கிளைம் மென்பொருளை ஒப்படைக்காதீர்கள்.

இறுதிச்சடங்குப் பாலிசியில் இந்தத் தாமதம் பொறுக்க முடியாதது. தகனம் ஓரிரு நாளில் நடந்துவிடும், பதினாறாம் நாள் காரியத்துக்குள் எல்லாச் செலவும் கைமீறி நிற்கும். தேவையான ஆவணங்கள் அனைத்தும் கிடைத்ததிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது 2018 முதல் இருக்கும் பாலிசிதாரர் பாதுகாப்பு விதி. மென்பொருள் நழுவுவது ‘அனைத்தும்’ என்ற சொல்லில். ஒரு ஆவணம் மங்கலாக இருக்கிறது என்று மூன்றாம் நாள் சொல்லி, கடிகாரத்தை மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடவிடும் வடிவமைப்பு விதியின் நோக்கத்தையே கெடுக்கிறது. படம் மங்கலா என்பதை ஏற்றும் நொடியிலேயே சொல்ல முடியும், சொல்ல வேண்டும். இயற்கை மரணத்துக்கான காத்திருப்புக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது, விபத்து மரணத்துக்குக் காத்திருப்பே கூடாது. இவை நிரலில் வரம்புகளாகவே பூட்டப்பட வேண்டியவை.

தீ விபத்திலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. சாதாரணத் தீக்குப் பணம் தருவது உங்கள் காப்பீட்டாளர். கலவரத்தில் வைத்த தீக்குத் தருவது அரசின் காப்பீட்டு நிறுவனமான சாஸ்ரியா. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அதன் மேல் வந்த கிளைம்கள் 30 பில்லியன் ரேண்டைத் தாண்டின. காரணக் குறியீட்டில் ‘தீ’ என்று ஒன்றே ஒன்று வைத்த மென்பொருள் கோப்பைத் தவறான வாசலுக்கு அனுப்பும்.

இனி, இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கும், ஐ.டி. வேலையாகச் சென்னையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வந்திருப்பவர்களுக்கும். ஆக்சுவரி (காப்பீட்டு இடர்க் கணக்கர்) தேர்வுகள் நல்ல வழிதான், ஆனால் நீண்ட வழி. கணினி படித்தவருக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு: ஆர்.இ.5 தேர்வுக்குப் படியுங்கள். 50 கேள்வி, 2 மணி நேரம், தேர்ச்சிக்கு 65 விழுக்காடு. காப்பீடு விற்கும் பிரதிநிதிகளுக்கான தேர்வு அது. நிரலாளரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். அதனாலேயே அதை எழுதியவர் நேர்காணலில் தனியாகத் தெரிவார். அடுத்து, இணையத்தில் கிடைக்கும் ஒரு வீட்டுப் பாலிசியின் சொற்களை எடுத்து, தண்ணீர்ச் சேதப் பகுதியை மட்டும் ‘இந்த நிலைக்கு இந்த முடிவு’ என்று சொல்லும் முடிவு அட்டவணையாக மாற்றிப் பாருங்கள். பிறகு 30 கற்பனைக் கிளைம்கள் எழுதுங்கள்; அவற்றில் குறைந்தது பத்து இழுபறியானவையாக இருக்கட்டும். உங்கள் அட்டவணை தவறாக மறுத்ததையும் தவறாகக் கொடுத்ததையும் தனித்தனியே எண்ணுங்கள். இழுபறியானவற்றை மனிதரிடம் அனுப்பும் மூன்றாவது வாசல் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வார வேலை இது. பத்துச் சான்றிதழ்களைவிட இதை மேசைமேல் வைப்பவரை நாங்கள் விரும்புவோம்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. புதிய நிரலாளரை முதல் ஒரு மாதம் அசெசரோடு (சேதத்தை நேரில் மதிப்பிடுபவரோடு) அனுப்புங்கள், நிராகரிக்கப்பட்ட 50 கோப்புகளைப் படிக்க வையுங்கள். திரை வரைவது அதற்குப் பிறகு.

கிளைம் மறுக்கப்பட்டவர்களுக்கு: காரணத்தை எழுத்தில் தர வேண்டியது காப்பீட்டாளரின் கடமை. கடிதம் கிடைத்ததிலிருந்து குறைந்தது 90 நாள் உங்களுக்கு மறுமுறையீட்டு அவகாசம் உண்டு. முடிவை மென்பொருள் மட்டுமே எடுத்ததா, ஆம் என்றால் எந்த அடிப்படையில் என்று கேளுங்கள். முழுக்க இயந்திரம் எடுக்கும் முடிவுகளுக்குத் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 71-ஆவது பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அங்கும் தீராவிட்டால் 2024 மார்ச் முதல் ஒரே கூரைக்குள் வந்திருக்கும் தேசிய நிதி ஆம்புட் (குறைதீர்ப்பாளர்) அமைப்புக்குப் போகலாம், கட்டணம் இல்லை. போகும்போது பிளம்பரின் அறிக்கையையும், கீசர் தகட்டின் படத்தையும், செயலி கேட்ட கேள்வியின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த நான்கு பொத்தான்களை அங்கே ஒரு மனிதர் பார்ப்பார்.