காற்று ஓயக் காத்திருக்கும் எஞ்சின்கள்

இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் ஓல்ட் வார்டன் என்னும் சிற்றூரை ஒட்டிப் புல்தரை விமானத்தளம் ஒன்று உள்ளது. ரிச்சர்ட் ஓர்மண்ட் ஷட்டில்வொர்த் என்னும் இளைஞர் 1928-இல் தொடங்கிய பழைய விமானச் சேகரிப்பு இங்குதான் இருக்கிறது. அவர் 1940-இல் பிரிட்டிஷ் விமானப்படைப் பணியின்போது விபத்தில் இறந்துவிட்டாலும் அவர் சேர்த்த விமானங்கள் இன்றும் பறக்கின்றன. 1909-இல் செய்யப்பட்ட பிளேரியோ, 1910-இன் டெப்பர்டுசான், 1912-இன் பிளாக்பர்ன் ஆகிய மூன்றும் அவற்றுள் மூத்தவை. கோடைக்கால மாலைக் காட்சிகளில் இவற்றுக்குப் பெரும்பாலும் கடைசி இடமே ஒதுக்கப்படும். காற்று அடங்கினால்தான் அவை கொட்டகையிலிருந்து வெளியே வரும். அடங்காவிட்டால் அன்றைக்குப் பறக்கா. மற்ற விமானங்களெல்லாம் பறந்துகொண்டிருக்கும்போது இவை மட்டும் ஏன் உள்ளேயே நிற்கின்றன என்று கேட்டால், வயதாகிவிட்டது, உடையக்கூடியவை என்ற பதில்தான் பொதுவாகக் கிடைக்கும். அது பாதி உண்மை மட்டுமே. புதிதாக இருந்த நாளிலும் இவை இப்படித்தான் காற்று ஓயக் காத்திருந்தன. அதற்கான காரணம் அவற்றின் இறக்கையிலும் எஞ்சினிலும் இருக்கிறது.

முதலில் இறக்கையைப் பார்ப்போம். விமானத்தின் எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால், ஒவ்வொரு சதுர மீட்டரும் எவ்வளவு எடையைச் சுமக்கிறது என்பது தெரியும். பிளேரியோவுக்கு விமானியோடு சேர்த்து ஏறத்தாழ 20 கிலோ வரும். இன்றைய நான்கு இருக்கைச் செஸ்னா சிறு விமானத்துக்கு அது 70 கிலோவை நெருங்கும். நாம் பயணம் செய்யும் ஏர்பஸ் 320-க்கு 600 கிலோவைத் தாண்டும். சுமை குறைவாக இருப்பதால்தான் சில பத்துக் குதிரைத்திறனே கொண்ட எஞ்சினால் பிளேரியோவைத் தரையிலிருந்து கிளப்ப முடிகிறது. அதே காரணத்தால்தான் சிறு காற்று வீச்சும் அதைத் தூக்கியெறிகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். இறக்கையின் தூக்குவிசை, காற்றை அது கிழித்துச் செல்லும் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எதிர்காற்றில் பறந்துகொண்டிருக்கும்போது அந்தக் காற்று திடீரென 10 கி.மீ. தணிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இறக்கை உணரும் வேகம் 50 ஆகிறது. தூக்குவிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நொடியிலேயே போய்விடுகிறது. மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் இறங்கும் பயணிகள் விமானத்துக்கு அதே 10 கி.மீ. வேறுபாட்டால் ஏற்படும் இழப்பு எட்டு விழுக்காடு மட்டுமே. கீழிருந்து மேலெழும் காற்றும் இப்படித்தான். நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் மேலெழும் காற்றுக்குள் அந்த மெதுவான விமானம் நுழைந்தால், இறக்கையைக் காற்று சந்திக்கும் கோணம் ஒரே கணத்தில் ஏழு பாகை கூடிவிடும். வேகமான விமானத்தில் அது இரண்டு பாகைகூட ஆகாது. ஏற்கெனவே தாங்கும் எல்லையை ஒட்டிப் பறக்கும் ஓர் இறக்கைக்கு ஏழு பாகை மிகப் பெரிய மாற்றம்; காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிய்ந்து, தூக்குவிசை சரிந்துவிடலாம்.

சரிவை நிமிர்த்தவும் அந்த விமானங்களில் போதிய வழியில்லை. இன்று இறக்கை முனைகளில் கீல் வைத்த தனிப் பலகைகள் இருக்கின்றன. பிளேரியோவிலோ கம்பிகளை இழுத்து இறக்கையையே முறுக்கியாக வேண்டும். மெதுவான வேகத்தில் அந்த முறுக்குக்கு விமானம் தயங்கித் தயங்கித்தான் கட்டுப்படும். ஆகவே பக்கவாட்டுக் காற்று ஓர் இறக்கையைத் தூக்கிவிட்டால், விமானி கட்டுப்பாட்டுக் கழியை முழுவதும் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தரையிறங்கிய பிறகும் பிரேக் இல்லை. பலவற்றில் வாலின் அடியில் சக்கரத்துக்குப் பதிலாக உராயும் கட்டையோ வளையமோ மட்டுமே. கண்காட்சியில் ஷட்டில்வொர்த் பிளேரியோ வட்டமிட்டுத் திரும்புவதில்லை. தளத்தின் நெடுக்கே சில அடி உயரத்தில் நேர்க்கோட்டில் பறந்து இறங்கிவிடும். பார்வையாளர் சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். 1909-இன் இறக்கையும் எஞ்சினும் கொண்டு செய்யப்படும் அந்தச் சிறு பறத்தல், நவீன விமானம் ஒன்று போடும் பத்துக் குட்டிக்கரணங்களைவிட அரியது என்பதே என் கருத்து.

மாலையில் காற்று ஏன் அடங்குகிறது? பகலில் வெயில் தரையைச் சுடவைக்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்ப மேலிருக்கும் காற்று கீழிறங்குகிறது. சில நூறு மீட்டர் உயரத்தில் காற்று பெரும்பாலும் தரையில் இருப்பதைவிட வேகமாக ஓடும். கீழிறங்கும் காற்று அந்த வேகத்தையும் சுமந்துகொண்டு வருவதால்தான் நண்பகலிலும் பிற்பகலிலும் தரையில் காற்று விட்டுவிட்டு வீசுகிறது. வெயில் சாய்ந்ததும் தரை விரைவாகக் குளிர்கிறது. கீழே குளிர்ந்த கனமான காற்றும் மேலே அதைவிடச் சூடான காற்றும் படிந்து, இரண்டும் கலப்பது நின்றுபோகிறது. மேல்காற்று தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் அது தரைக்கு எட்டுவதில்லை. தெளிந்த வானமும் உயர் அழுத்தமும் உள்ள நாள்களில் இந்தப் பிரிவு மிக நன்றாக நிகழும். விடியற்காலையிலும் இதே அமைதி நிலவும். தன் பெயர் கொண்ட அந்த விமானத்தை உருவாக்கிய லூயி பிளேரியோ 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்பட்டது சூரியன் உதிக்கும் வேளையில்தான். கலே நகருக்கு அருகிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 37 நிமிடங்களில் டோவர் கோட்டையின் அருகே இறங்கினார். தரையில் மோதிய வேகத்தில் புரொப்பல்லர் உடைந்தது. காற்று எழத் தொடங்கியிருந்ததே அதற்குக் காரணம்.

அந்தப் பயணத்தைப் பற்றி இன்னொரு கதையும் வழங்குகிறது. அவருடைய 25 குதிரைத்திறன் அன்சானி எஞ்சின் நடுக்கடலில் சூடேறித் திணறியதாகவும், அப்போது பெய்த சிறு மழை அதைக் குளிர்வித்துக் காப்பாற்றியதாகவும் சொல்வார்கள். கதை எப்படியிருப்பினும் அதன் அடியிலுள்ள சிக்கல் மெய்யானது. காற்றால் குளிரும் எஞ்சினில் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகள் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தில் அதற்குப் போதிய காற்று வருவதில்லை. நீர் வைத்துக் குளிர்விக்கலாம் என்றால் நீரும் குழாயும் ரேடியேட்டரும் சேர்த்துச் சுமக்கும் எடையைத் தூக்க எஞ்சினுக்கு வலுவில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் பிரான்சின் சேகன் சகோதரர்கள். காற்று சிலிண்டரிடம் வரவில்லையென்றால், சிலிண்டரையே காற்றில் சுழற்றிவிடலாம் என்பது அவர்களுடைய தீர்வு. அவர்கள் உருவாக்கிய 50 குதிரைத்திறன் நோம் எஞ்சினில் ஏழு சிலிண்டர்கள் நட்சத்திரக் கதிர்களைப் போல் நிற்கும். வழக்கமான எஞ்சினில் சிலிண்டர்கள் அசையாமல் நிற்க, பிஸ்டன்களோடு இணைந்த நடுத்தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுழலும். இதில் கிராங்க் ஷாஃப்ட் விமானத்தின் உடலோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். சிலிண்டர்களும் அவற்றோடு பிணைந்த புரொப்பல்லரும் சேர்ந்து அதைச் சுற்றிவரும். பிஸ்டன்கள் மட்டும் மையத்திலிருந்து சற்று விலகியுள்ள இன்னொரு புள்ளியைச் சுற்றுகின்றன. இரண்டு வட்டங்களுக்கும் மையம் வேறு என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் தன் சிலிண்டருக்குள் ஒருமுறை வெளிநோக்கி நகர்ந்து உள்நோக்கித் திரும்புகிறது. உண்மையில் எந்தப் பிஸ்டனும் நின்று திரும்புவதில்லை. எல்லாமே வட்டத்தில்தான் ஓடுகின்றன. அந்த எஞ்சினின் அதிர்வு குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நிமிடத்துக்கு 1,200 சுற்றுகள் சுழலும்போது சிலிண்டர் தலைகள் ஏறத்தாழ மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் காற்றை வெட்டுகின்றன. விமானம் தரையில் நின்றாலும் எஞ்சின் குளிர்ந்துகொண்டே இருக்கும். சுழலும் பொருண்மையே ஓட்டத்தைச் சீராக்கிவிடுவதால், அந்த வேலைக்கான ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரம் தனியாகத் தேவையில்லை. எஃகுக் கட்டியைக் குடைந்து குடைந்து, சிலிண்டர் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் ஆகும்வரை கடைந்தெடுத்தார்கள். முழு எஞ்சினின் எடை 75 கிலோ அளவில் நின்றது. 1909 ஆகஸ்டில் பிரான்சின் ரேம்ஸ் நகரில் நடந்த முதல் பெரிய பன்னாட்டு விமானக் கூட்டம் மழையிலும் சேற்றிலும் தொடங்கியது. அங்கே ஆன்றி ஃபார்மான் என்னும் விமானி இந்த எஞ்சினைப் பூட்டிக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் வட்டமிட்டு, 180 கி.மீ. பறந்து தொலைவுப் பரிசை வென்றார். அதுவரை சில நிமிடங்களில் எஞ்சின் சூடேறி இறங்கியவர்களே மிகுதி.

இந்த எஞ்சினைக் கிளப்புவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பிரேக் இல்லாததால் வாலையும் இறக்கைகளையும் ஆட்கள் பிடித்துக்கொள்கிறார்கள். மெக்கானிக் ஒருவர் சிறு பீச்சாங்குழலால் சிலிண்டர்களுக்குள் கொஞ்சம் பெட்ரோலை விடுகிறார். பிறகு புரொப்பல்லரை இழுத்துச் சுழற்றுகிறார். ஒன்றிரண்டு சிலிண்டர்கள் வெடித்து, மற்றவை சேர்ந்துகொள்ள, நீலப் புகை எழும்பி எல்லாரையும் மூடுகிறது. அந்தப் புகையில் வருவது விளக்கெண்ணெயின் மணம். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, குழலாக உள்ள கிராங்க் ஷாஃப்டின் வழியே நடுப்பெட்டிக்குள் சென்று, அங்கிருந்து பிஸ்டன் தலையிலுள்ள வால்வின் வழியே சிலிண்டருக்குப் போகிறது. தாது எண்ணெயை அங்கே விட்டால் பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும். ஆமணக்கு எண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது. சூட்டிலும் வழவழப்பை இழக்காது. ஆனால் ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பக் கிடைக்காது. சுழற்சியின் வேகத்தில் அது வெளியே வீசப்பட்டு, விமானத்தின் மீதும் விமானியின் முகத்தின் மீதும் படியும். முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் இந்த எண்ணெய்க்காகவே ஆசியாவிலிருந்து ஆமணக்கு விதையை வரவழைத்துத் தன் நாட்டில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் விதைக்க ஏற்பாடு செய்தது.

வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இதில் இன்று நாம் அறிந்த எளிய வசதி இல்லை. காற்றுக்கு ஒரு நெம்புகோல், பெட்ரோலுக்கு ஒரு நெம்புகோல் என இரண்டையும் விமானியே இணக்கிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் சற்று மிகுந்தாலும் எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும். பெட்ரோலை மூடிவிட்டு, மிகுந்தது வெளியேறும்வரை சில நொடிகள் காத்திருந்து, மீண்டும் திறக்க வேண்டும். தரையை ஒட்டிப் பறக்கும்போது அந்தச் சில நொடிகளே உயிரைத் தீர்மானிக்கும். இங்கும் வானிலை நுழைகிறது. காலையில் 15 பாகை செல்சியஸில் சரியாக அமைந்த கலவை, பிற்பகலில் 30 பாகையில் சரியாக இராது. வெப்பத்தில் காற்று விரிவதால் அதன் அடர்த்தி ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறைகிறது. எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும், புரொப்பல்லர் பின்தள்ளும் காற்றும், இறக்கையைத் தாங்கும் காற்றும் ஒருசேரக் குறைகின்றன. ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் உள்ள விமானத்துக்கு ஐந்து விழுக்காடு பொருட்டில்லை. தரையைவிட்டு எழுவதற்கே முழு வலுவையும் செலவிடும் விமானத்துக்கோ, வேலிக்கு மேலே ஏறுவதா வேலிக்கு முன்பே இறங்குவதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

பிறகு வந்த போர் விமானங்களில் இந்த எஞ்சின் இன்னொரு குணத்தையும் வெளிக்காட்டியது. விரைந்து சுழலும் பம்பரத்தைச் சாய்க்க முயன்றால் அது நாம் தள்ளும் பக்கம் சாயாமல் குறுக்கே விலகுவதைப் பார்த்திருப்போம். விமானத்தின் மூக்கில் 130 குதிரைத்திறன் எஞ்சின் முழுவதும் சுழலும்போதும் அதுவே நிகழ்கிறது. 1917-இல் போர்முனைக்கு வந்த சோப்வித் கேமல் விமானத்தில் வலப்பக்கம் திரும்பினால் மூக்கு கீழே இறங்கும். இடப்பக்கம் திரும்பினால் மேலே எழும்பும். பழகிய கைகளில் அது ஆயுதமாயிற்று. பயிற்சியில் இருந்த இளைஞர்கள் பலரின் உயிரையும் அதுவே வாங்கியது. எஞ்சினைப் பெரிதாக்கப் பெரிதாக்க, சிலிண்டர்கள் காற்றைக் கடைவதிலேயே வலுவில் பெரும்பங்கு வீணாயிற்று. விமானங்களின் வேகம் கூடியதும் நின்றபடியே குளிரும் எஞ்சின் போதுமானதாகிவிட, 1918-க்குப் பிறகு சுழலும் எஞ்சினின் காலம் விரைவாக முடிந்தது.

அடுத்த தலைமுறை எஞ்சின்களுக்கும் வானிலைத் தொல்லை உண்டு. ஆனால் அதன் வகை வேறு. 1930-களின் பயிற்சி விமானமான டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சினுக்கு ஈரப்பதம் மிகுந்த இதமான நாளே ஆபத்து. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் அழுத்தம் குறைவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் வெப்பநிலை இருபது பாகைக்கு மேலும் சரியக்கூடும். வெளியே 20 பாகை இருக்கும்போதே உள்ளே பனிக்கட்டி படிந்து காற்றுவழியை அடைத்துவிடும். இரண்டாம் உலகப்போரின் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் 27 லிட்டர் மெர்லின் எஞ்சினுக்குத் தரையில் காத்திருப்பதே எதிரி. தொடக்ககால ஸ்பிட்ஃபயர்களில் வலது இறக்கையின் அடியிலுள்ள ரேடியேட்டரை, கீழே இறக்கிய சக்கரக்கால் பாதி மறைத்து நிற்கும். வெயில் நாளில் ஓடுபாதையின் முனையில் சில நிமிடம் கூடுதலாக நின்றால் குளிர்விக்கும் திரவம் கொதிநிலையை நோக்கி ஏறத் தொடங்கும். இதனால்தான் காட்சி அமைப்பாளர்கள் மெர்லின் எஞ்சின்களைக் கிளப்பும் நேரத்தை நிமிடக் கணக்கில் திட்டமிடுகிறார்கள்.

எஞ்சினை மாற்றிவிட்டால் தொல்லை தீருமே என்று சிலர் கேட்பதுண்டு. வெளித்தோற்றம் பழையதாகவும் உள்ளே நவீன எஞ்சினாகவும் பல நகல் விமானங்கள் பறக்கத்தான் செய்கின்றன. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேலே சொன்ன எதையும் அவற்றிடம் கற்க முடியாது. எண்ணெய் வீச்சு, கலவையைத் தேடும் கை, திரும்பும்போது எழும் மூக்கு ஆகியவை எஞ்சினோடு சேர்ந்தே வருபவை. நியூசிலாந்தின் பிளெனம் நகரில் 100 குதிரைத்திறன் நோம் எஞ்சினை இன்றைய உலோகத்தைக்கொண்டு பழைய வடிவத்திலேயே புதிதாகச் செய்கிறார்கள். நூறாண்டு கடந்த சிலிண்டர்களைத் தேய்க்காமல் அந்தக் கால விமானத்தை அதன் இயல்போடு பறக்கவிட இதுவே நல்ல வழி என்று நினைக்கிறேன்.

ஓல்ட் வார்டனுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள் நண்பகல் காட்சியைவிட மாலைக் காட்சியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மழை பெய்யுமா என்பதைவிடக் காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் முன்னறிவிப்பில் பாருங்கள். உயர் அழுத்தம் நிலைத்து, மேகமின்றி, மாலையில் காற்று தணியும் என்றிருந்தால் பிளேரியோவைக் காணும் வாய்ப்பு மிகுதி. அதைக் கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வருவது நிகழ்ச்சியின் கடைசியில்தான் என்பதால், நெரிசலுக்கு அஞ்சிச் சற்று முன்னதாகவே வண்டியை எடுத்துவிடாதீர்கள்.