டி.பி. மாதிரியே இருக்கும், டி.பி. இல்லை

முள்ளெலும்பை ஏதோ அரித்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தால், நம் ஊரில் முதலில் வாயில் வரும் பெயர் டி.பி. அதில் தப்பில்லை. காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிக்கல் மிச்சப் பேருக்குத்தான். புரூசெல்லா, பர்க்ஹோல்டேரியா என்று பலரும் கேள்விப்படாத பாக்டீரியாக்களும் முதுகெலும்பில் ஏறக்குறைய அதே கோலத்தில் வந்து உட்காரும். அவற்றை டி.பி. மாத்திரைகளால் குணப்படுத்த முடியாது.

கிருமி முதுகுக்குப் போவது பெரும்பாலும் ரத்தத்தின் வழியாக. ஆறாத கால் புண், சிறுநீர்த் தொற்று, டயாலிசிஸ் குழாய், எங்கிருந்து வேண்டுமானாலும் கிளம்பலாம். முள்ளெலும்பின் மேல், கீழ் விளிம்புகளில் தமனிகள் மிக நுண்ணிய கிளைகளாக முடிகின்றன. கிருமி தங்குவது அங்கேதான். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க். பெரியவர்களுக்கு அதில் ரத்தக்குழாய் கிடையாது. ஆனால் எலும்பின் விளிம்பை அரித்த கிருமிக்கு அடுத்தபடியாகக் கிடைப்பது டிஸ்க். அதையும் தாண்டினால் அடுத்த எலும்பு. போதாததற்கு, ஒரே தமனி இரண்டாகப் பிரிந்து அடுத்தடுத்த இரு எலும்புகளுக்கும் போகிறது. அதனால்தான் எம்.ஆர்.ஐ. படத்தில் பாதிக்கப்பட்ட இரண்டு எலும்புகளும், நடுவே கெட்டுப்போன டிஸ்க்கும் சேர்ந்தே தெரிகின்றன.

கிருமிக்குக் கிருமி இதில் வித்தியாசம் உண்டு. ஸ்டாஃபிலோகாக்கஸ் மாதிரி சீழ் வைக்கும் கிருமிகளிடம் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் இருப்பதால் டிஸ்க் சீக்கிரமே போய்விடும். காசநோய்க் கிருமியிடம் அவை இல்லை. டிஸ்க் நெடுநாள் தப்பிக்கும். புரூசெல்லா பெரும்பாலும் இடுப்புப் பகுதியைப் பிடிக்கும். எலும்பின் முன்பக்க மேல் மூலையை அரிக்கும், ஆனால் எலும்பின் மொத்த உருவத்தை அதிகம் குலைக்காது. அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் இவற்றைப் பார்த்து ஒரு ஊகம் சொல்லலாம். படத்தை மட்டும் வைத்துக் கிருமியின் பெயரைச் சொல்ல அவராலும் முடியாது.

நோயாளி சொல்லும் கதையும் அவ்வளவு தெளிவாக இருக்காது. படுத்தாலும் குறையாத, ராத்திரியில் எழுப்பிவிடும் முதுகுவலி என்றால் சந்தேகப்பட வேண்டும். காய்ச்சல் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கவே இருக்காது. சாதாரண எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒன்றும் தெரியாது. இதனால் மாதக்கணக்கில் தைலமும் வலி மாத்திரையுமாகப் போய்விடுகிறது.

இங்கே டாக்டர் கேட்கும் ஒரு கேள்வி பல ஸ்கேன்களுக்குச் சமம்: வீட்டில் ஆடு மாடு உண்டா? காய்ச்சாத பால் குடிப்பீர்களா? மாடுகளுக்கு வரும் கன்றுவீச்சு நோயின் கிருமிதான் புரூசெல்லா. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தவருக்கும் அது தொற்றலாம். இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் புரூசெல்லாவையும் ஓரளவு அடக்கும். டி.பி. என்று நினைத்து மருந்தைத் தொடங்கினால் வலி கொஞ்சம் குறையும். நோயாளிக்கும் நிம்மதி, டாக்டருக்கும் தன் கணிப்பு சரி என்ற நம்பிக்கை. நோய் மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

பர்க்ஹோல்டேரியா சூடோமாலியை வேறு ரகம். ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் 1912இல் விவரித்த மெலியாய்டோசிஸ் நோயின் கிருமி இது. இருப்பிடம் ஈர மண், வயல் தண்ணீர். மழைக்காலத்தில் அதிகம் தொற்றும். சர்க்கரை நோயாளிகளைத் தேடிப் பிடிக்கும். வயலும் மழையும் சர்க்கரை நோயும் சேர்ந்திருக்கும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் எண்ணம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இதைக் கண்டறிந்து எழுதிவருகிறார்கள். பழக்கமில்லாத ஆய்வகத்தில் இந்தக் கிருமி வளர்ந்தாலும், 'ஏதோ சூடோமோனாஸ், வெளியிலிருந்து கலந்திருக்கும்' என்று தள்ளிவிட வாய்ப்பு உண்டு. துப்பு, எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று ஆய்வகம் தரும் பட்டியலில் இருக்கிறது: ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் மசியாத கிருமி, கோ-அமாக்சிக்ளாவுக்குக் கட்டுப்பட்டால் சந்தேகப்பட வேண்டும்.

சரி, பெயரை எப்படி உறுதி செய்வது? முதலில் ரத்தத்தை எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்ப வேண்டும், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே. அதில் விடை கிடைக்கவில்லை என்றால், சி.டி. ஸ்கேன் வழிகாட்ட ஊசியை எலும்புக்குள் செலுத்தித் திசு எடுக்க வேண்டும். நோயாளி ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால், நிலைமை இடம் கொடுக்கும்போது ஒன்றிரண்டு வாரம் அதை நிறுத்திவிட்டு எடுப்பதும் உண்டு. கால் மரத்துப் பலம் இழக்கிறது, ரத்தம் முழுக்கத் தொற்று என்றால் காத்திருக்கக் கூடாது, உடனே சிகிச்சைதான்.

எடுத்த திசுவை என்ன செய்கிறோம் என்பதிலும் கோட்டை விடலாம். முழுவதையும் ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், பிறகு எந்தக் கல்ச்சரிலும் ஒன்றும் வளராது. ஒரு பங்கு நோய்க்குறியியலுக்கு, இன்னொரு பங்கு ஃபார்மலின் படாமல் கல்ச்சருக்கு என்று பிரிக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் 'கிரானுலோமா' (கிருமியைச் சுற்றி நோய் எதிர்ப்பு செல்கள் திரண்ட சிறு கட்டி) தெரிந்தால் டி.பி. என்று முடிவு கட்டுவது வழக்கம். ஆனால் புரூசெல்லாவும் கிரானுலோமா உண்டாக்கும், மெலியாய்டோசிஸும் உண்டாக்கலாம். ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை இரண்டு மணி நேரத்தில் காசநோய்க் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று சொல்லிவிடும். இல்லை என்று வந்தால் டி.பி. இல்லவே இல்லை என்று ஆகிவிடாது. வேறு கிருமியையும் தேட வேண்டும் என்றாகிறது. புரூசெல்லா என்று சந்தேகம் இருந்தால் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது முக்கியம். அது மெதுவாக வளரும் என்பது ஒன்று, வளர்க்கும் டெக்னீஷியனுக்கே காற்று வழியாகத் தொற்றக்கூடியது என்பது இன்னொன்று.

கல்ச்சரில் எதுவுமே வளராதபோது 16எஸ் சோதனை கைகொடுக்கும். எல்லா பாக்டீரியாக்களிலும் ரைபோசோம் செய்ய ஒரு மரபணு உண்டு. அதன் சில பகுதிகள் எல்லாக் கிருமிகளிலும் கிட்டத்தட்ட ஒன்று, சில பகுதிகள் இனத்துக்கு இனம் வேறு. பொதுவான பகுதிகளைப் பிடித்து மரபணுவைப் பெருக்கி, மாறும் பகுதியைப் படித்தால் கிருமி இன்னதென்று பெரும்பாலும் தெரிந்துவிடும். செத்த கிருமியிலும் வேலை செய்யும். ஆனால் எந்த மருந்து கேட்கும் என்று சொல்லாது. அதனால் கல்ச்சரின் இடத்தை இது பிடித்துவிடவில்லை.

பெயர் தெரிந்தால் மருந்தும் காலமும் அடியோடு மாறுகின்றன. சாதாரண சீழ்க்கிருமி என்றால் பெரும்பாலும் 6 வாரம் போதும். 2015இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில் 6 வாரமும் 12 வாரமும் ஒரே பலனைத் தந்தன. முதுகெலும்பில் புரூசெல்லா என்றால் டாக்ஸிசைக்ளினுடன் ரிஃபாம்பிசின் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி சேர்த்து, மொத்தத்தில் குறைந்தது 3 மாதம். மெலியாய்டோசிஸுக்கு செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் வாரக்கணக்கில் நரம்பு வழியாக, அப்புறம் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை மாதக்கணக்கில். இவ்வளவு நாள் ஏன் என்றால், அரித்துப்போன எலும்புக்குள் ரத்தம் சரியாகப் போவதில்லை, மருந்தும் போவதில்லை. புரூசெல்லாவும் பர்க்ஹோல்டேரியாவும் நம் செல்களுக்குள்ளேயே ஒளிந்து வாழவும் கூடியவை. தண்டுவடம் நசுங்கினாலோ, முதுகெலும்பு நிலைகுலைந்தாலோ, சீழ்க்கட்டி வடியாவிட்டாலோ அறுவை சிகிச்சை.

சிகிச்சை நடக்கும்போது சீக்கிரமே இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் பலர். நோய் குணமாகி வரும்போதும் படத்தில் எலும்பு முன்பைவிட மோசமாகத் தெரியலாம். படம் எப்போதும் பின்தங்கியே வரும். வலி குறைகிறதா, நடக்க முடிகிறதா, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நாலு வாரம் ஆகியும் இவை அசையவில்லை என்றால் ஸ்கேனும், தேவைப்பட்டால் மறுபடி ஊசியும்.