குப்பை வண்டி எந்த வீதிக்கு வருகிறது? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்

ஒரே பிரதேச சபைக்குள் குப்பை வண்டி தவறாமல் வருகிற வீதியும் இருக்கும், எட்டியே பார்க்காத வீதியும் இருக்கும். அள்ளிய குப்பை எந்த ஊருக்குப் பக்கத்தில் கொட்டப்படுகிறது? அந்த இடத்தை முடிவுசெய்த கூட்டத்தில் அந்த ஊரார் ஒருவராவது இருந்தாரா? ஒரு சபையோ தொண்டு நிறுவனமோ எல்லாரையும் சமமாக நடத்துகிறதா என்பதை அதன் சுவரில் தொங்கும் நோக்கக்கூற்றை வாசித்து அறிய முடியாது. கோப்பைப் பார்க்கவேண்டும். கோப்பைப் பார்க்கும் உரிமையைத் தருவது இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் வந்த செய்தி உலகம் முழுக்கப் போனது. யானை இறந்தால் செய்தியாகிறது, ஆகவும் வேண்டும். ஆனால் குப்பைமேட்டுப் புகையை நாள்தோறும் சுவாசிக்கிற குடும்பத்தைத் தேடி யாரும் வருவதில்லை. அவர்கள்தான் எழுந்துபோய்க் கேட்கவேண்டியிருக்கிறது.

மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை, பிரதேச செயலகம், கச்சேரி (மாவட்டச் செயலகம்) எல்லாவற்றிடமும் கேட்கலாம். பலருக்குத் தெரியாதது, தொண்டு நிறுவனங்களிடமும் கேட்கலாம் என்பது. அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசு, சர்வதேச அமைப்பு போன்றவற்றிடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்கிற நிறுவனம் இந்தச் சட்டத்துக்குள் வரும். ஆனால் அந்தச் சேவை பற்றிய தகவலை மட்டுமே அவர்களிடம் கேட்கமுடியும். சுனாமிக்குப் பிறகு எத்தனையோ திட்டங்களைப் பார்த்த மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இது பெரிய கதவு. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் பிரதேச செயலகம் வேலை கொடுத்திருந்தால், அந்தக் கோப்பைச் செயலகத்திடம் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதி வெற்றி. “ஏன் எங்கள் ஊரைப் புறக்கணிக்கிறீர்கள்?” என்று எழுதினால் அது முறைப்பாடு. அதற்குப் பதில் வராமலே போகலாம். பதிவில் இருப்பதைக் கேளுங்கள். “கடந்த 12 மாதங்களில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் குப்பை வண்டி போன நாட்களின் ஓட்டப் பதிவேட்டுப் பிரதி.” “குப்பை கொட்டும் இடத்தைத் தெரிவுசெய்த கூட்டத்தின் அறிக்கையும் வரவுப் பதிவும்.” “வாழ்வாதார உதவி பெற்றவர்கள் கிராம வாரியாக எத்தனை பேர், அவர்களில் பெண் தலைமைக் குடும்பங்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை?” பெயர்ப் பட்டியல் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமுண்டு. எண்ணிக்கையைக் கேட்டால் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீதம் பெண்கள் என்ற ஒதுக்கீடு 2018 தேர்தலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. சபைக்குள் வந்த பெண்களுக்குக் குழுக்களில் என்ன இடம் கொடுத்தார்கள் என்பது வேறு விடயம், அதையும் கேளுங்கள். மட்டக்களப்பின் வாகரைப் பக்கத்தில் வேலை செய்கிற நிறுவனமாக இருந்தால், பழங்குடியினரான கரையோர வேடர் குடும்பங்கள் எத்தனைக்கு உதவி போய்ச் சேர்ந்தது என்று தனியாகக் கேட்பது நியாயமானது. தமிழர், முஸ்லிம்கள் என்று மட்டும் பிரித்து எண்ணும்போது அவர்கள் கணக்கிலேயே வராமல் போகிறார்கள்.

திட்டம் தொடங்கமுன்னரே கேட்கவும் இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டமோ, 1 லட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டமோ தொடங்குவதற்கு 3 மாதங்களுக்கு முன், பொதுவாக மக்களுக்கும் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அதுபற்றிய தகவலைத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் பெரிய திட்டம் என்றால், அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. குளத்தையும் களப்பையும் நம்பிப் பிழைக்கிறவர்கள் இந்த 30 நாட்களைத் தவறவிடக்கூடாது.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, கேட்டாலும் சொல்லவேண்டாம். எழுத முடியாத ஒருவர் வாயால் சொன்னால், அந்த நிறுவனத்தில் தகவல் கொடுக்கும் பொறுப்பிலுள்ள தகவல் அலுவலரே அதை எழுதிக்கொள்ளவேண்டும். உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு 3 வாரம். அங்கேயும் நடக்காவிட்டால் 2 மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். முதல் 14 வேலை நாட்களின் கணக்கு நீங்கள் விண்ணப்பத்தைக் கொடுத்த திகதியில் இருந்துதான் ஓடுகிறது. ஆகவே திகதியும் கையொப்பமும் வைத்த பற்றுச்சீட்டு கைக்கு வரும்வரை அந்தக் கந்தோரை விட்டு வெளியே வராதீர்கள்.