அழுக்கேறிய வடிகட்டி ஏன் அதிகத் தூசியைப் பிடிக்கிறது?

வாரம் தவறாமல் தம் மோட்டார் சைக்கிளின் காற்று வடிகட்டியைக் கழற்றி, கம்ப்ரசர் காற்றால் ஊதி, தாள் வெளுக்கும்வரை சுத்தம் செய்வதாகவும், அப்படியிருந்தும் எஞ்சின் ஆயிலில் மண் நெருநெருப்பதாக மெக்கானிக் குறை சொல்வதாகவும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அக்கறை மிகுந்துபோனதால் வந்த கேடாகவே இது இருக்கக்கூடும். அதை விளங்கிக்கொள்ள, வடிகட்டி தூசியை எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையில் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும் என்பது பலர் அறிந்ததே. 150 சிசி கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின், நிமிடத்துக்கு 6,000 சுற்று வேகத்தில் ஆக்சிலரேட்டர் முழுதும் திறந்து ஓடும்போது, நிமிடத்துக்குச் சுமார் 450 லிட்டர் காற்றை இழுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் அதே நேரத்தில் சுவாசிப்பதோ 6 முதல் 8 லிட்டர்தான். அந்தக் காற்றோடு வரும் தெருப்புழுதியில், மணலின் முக்கியக் கனிமமான குவார்ட்ஸின் துகள்கள் கலந்திருக்கின்றன. கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸின் இடம் 7. வார்ப்பிரும்பை அது எளிதில் கீறிவிடும். சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் இடையே இருக்கும் ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்களே (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதால், அதைவிடப் பெரிய மணல் துகள் ஒன்று நடுவில் சிக்கினால் உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்யத் தொடங்கும்.

வடிகட்டி என்றதும் நம் மனத்தில் சல்லடைதான் வருகிறது. ஆனால் மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தத் தாளை நுண்ணோக்கியில் பார்த்தால், இழைகளுக்கிடையே உள்ள இடைவெளிகள் பல பத்து மைக்ரான் அகலத்தில் இருப்பதும், அது தடுக்கும் தூசியில் பெரும்பகுதி அதைவிடப் பலமடங்கு சிறியதாக இருப்பதும் தெரியும். சல்லடையாக மட்டும் இருந்திருந்தால் அதனால் பயனே இருந்திராது. உண்மையில் அது ஒரு காடு. காற்று மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து போய்விடுகிறது, தூசிக்குத்தான் அந்த வளைவுகள் கைவருவதில்லை.

சில மைக்ரானுக்கு மேற்பட்ட துகள், வேகமாகத் திரும்பும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவரைப் போன்றது. காற்று இழையைச் சுற்றித் திரும்பும் கணத்தில், நிலைமத்தால் அது நேராகவே சென்று இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. அதைவிடச் சிறியது காற்றோடு சேர்ந்து திரும்பிவிட்டாலும், இழையை ஒட்டிப் போகும்போது அதன் விளிம்பு உரசிப் பிடிபடுகிறது. 0.1 மைக்ரானுக்கும் கீழே போனால் கதை மாறுகிறது. காற்று மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் இடித்துத் தள்ளுவதால் அத்தனை சிறிய துகள் நேர்வழியில் போகவே முடியாமல் தள்ளாடி, தள்ளாட்டத்திலேயே ஏதாவது ஓர் இழையில் போய் முட்டுகிறது. 1827-இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் நீரில் மிதந்த நுண்துகள்களில் கண்டதும், 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டு விளக்கியதும் இதே தள்ளாட்டத்தைத்தான். ஆகவே வடிகட்டியை ஏமாற்றுவதில் கெட்டிக்காரத் துகள், மிகச் சிறியதாக இல்லாமல், நேராக மோதும் அளவுக்குக் கனமோ தள்ளாடும் அளவுக்கு லேசோ இல்லாமல் ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவில் இருக்கும் நடுத்தரத் துகளே. நல்வாய்ப்பாக, சிலிண்டரை அதிகம் தேய்ப்பவை அதைவிடப் பெரிய துகள்கள்தாம். இந்தக் கணக்குகளை 1940-களில் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் ஆராய்ந்தது போர்க்கால வாயு முகமூடிகளுக்காக. தூசியைப் பற்றிய ஆய்வுக்குப் பணம் ஒதுக்கப் போர் வரவேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

இனி வாசகரின் சிக்கலுக்கு வருவோம். இழையில் ஒட்டிய துகளின்மேல் அடுத்த துகள் ஒட்டி, அதன்மேல் மற்றொன்று ஒட்டி, மரக்கிளைபோல் வளர்கிறது. அந்தக் கிளைகளும் இழைகளாகி, வரும் தூசியைப் பிடிக்கின்றன. எனவே புதுத் தாளைவிட ஓரளவு தூசி படிந்த தாள்தான் நன்றாக வடிகட்டுகிறது. வாரந்தோறும் ஊதுபவர் தேர்ச்சிபெற்ற காவலாளியை நீக்கிவிட்டுப் புதியவரை நிறுத்துகிறார். அதோடு, மிகுந்த அழுத்தத்தில் பாயும் காற்று இழைகளைக் கிழித்து ஓட்டையும் போட்டுவிடும். உலர்ந்த தாளை ஊதியே ஆகவேண்டுமெனில், சுத்தமான பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில், தள்ளிப் பிடித்து ஊதவேண்டும். பிறகு இருட்டில் உட்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால், ஓட்டை விழுந்த இடம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

எல்லாத் தாளையும் ஊதவும் கூடாது. வேகமாக மோதும் துகள் இழையில் பட்டுத் துள்ளி உள்ளே போய்விடுவதைத் தடுக்கத்தான் சில தாள்களில் எண்ணெய் ஏற்றியிருக்கிறார்கள். அவற்றை ஊதாமல், கையேடு சொல்லும் தூரத்தில் மாற்றிவிடுவதே முறை. ஸ்பாஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசலாம். முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் முற்றிலும் உலரவிட்டு, அதற்குரிய எண்ணெயைப் பரவலாகத் தடவவேண்டும். எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்சு பாதி வேலையைக்கூடச் செய்யாது. பெட்ரோலில் கழுவுவது தீ விபத்துக்கு அழைப்பு.

வடிகட்டியில் தூசி அளவு மீறினால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் விகிதம் கூடிக் கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கணினி காற்றுக்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துவிடுவதால், இழுவை குறைவதுதான் முதலில் தெரியும். இதைக் கேட்டு, வடிகட்டியையே எடுத்துவிட்டால் பிக்கப் கூடும் என்று நம்பி ஓட்டுவோரும் உண்டு. அப்படி ஓட்டினால் புழுதி தடையின்றி எஞ்சினுக்குள் போகும்.

மாட்டும்போது கவனம் வேண்டியது ஓரத்து ரப்பரில். அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும், தாளின் தடையைவிட அது எளிய வழி என்பதால், காற்று அதைத் தேடிப் போகும். வடிகட்டியைக் கடந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் புழுதி ஒட்டினால், தூசி நுழைவது வடிகட்டியின் ஓட்டை வழியாகவோ, அந்த ரப்பர் ஓரமாகவோதான்.