காற்றைக் குறைத்தால் ஓட்டம் லேசாகும்: கால்வாய்க் கரையில் சைக்கிள் டயரின் கணக்கு

கார்ப்பெட் வீதியில் ஓடிப் பழகியவர்கள் கொழும்புக்கு வடக்கே உள்ள ஹமில்டன் கால்வாய்க் கரைக்கு முதன்முதலாகப் போகும்போது டயரைக் கல்லுப்போல இறுக அடித்துக்கொண்டுதான் போவார்கள். கொழும்பின் காலி வீதியில் 70 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தின் அளவு) காற்றோடு வழுக்கிக்கொண்டு போன அதே சைக்கிள், வத்தளை, ஹெந்தளை தாண்டிக் கிரவலில் ஏறியதும் உதறத் தொடங்கும். கை விறைக்கும். பின்சக்கரம் துள்ளும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. காற்றுப் போதவில்லை என்று நினைத்து மேலும் நாலு அடி அடிப்பவர்களும் உண்டு. உண்மையில் அங்கே காற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

ஏன் என்று புரிய, முதலில் கரையைப் பார்க்க வேண்டும். ஹமில்டன் கால்வாயை ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தார்கள். களனி கங்கைப் பக்கமிருந்து முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் ஓரமாக நீர்கொழும்பு வாவி வரை ஏறத்தாழ 14.5 கி.மீ. நீளம். தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும், ஆகவே அதன் கரையும் மேடு பள்ளமில்லாமல் போகும். ஏற்றமே இல்லாத இடத்தில் மிதிப்பவருக்கு எதிராக நிற்பவை இரண்டுதான்: முன்னால் மோதும் காற்றும் தரையும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர், 12 கிலோ சைக்கிள், மணிக்கு 15 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினால் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை ஏறத்தாழ 5 நியூட்டன். நல்ல கார்ப்பெட் வீதியில் டயர் உருள்வதால் வரும் தடையும் அதே அளவுதான். கிரவலில் அது 10 முதல் 16 நியூட்டன் வரை ஏறும். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதால், 30 கி.மீ. வேகத்தில் பறக்கும் பந்தயக்காரருக்குக் காற்றுத்தான் பெரிய எதிரி. கால்வாய்க் கரையில் ஆறுதலாகப் போகிறவருக்கோ தரைதான் எதிரி. தரையோடு பேசுவது டயர் ஒன்றே.

டயர் உருளும்போது சக்தி இரண்டு வழியில் வீணாகிறது. முதலாவது ரப்பருக்குள் நடப்பது. தரையைத் தொடும் இடத்தில் டயர் நசுங்கி, விலகியதும் பழைய வடிவத்துக்கு வருகிறது. நசுக்கக் கொடுத்த சக்தியை ரப்பர் முழுதாகத் திருப்பித் தராது, கொஞ்சத்தைச் சூடாக்கிவிடும். ரப்பர் பட்டை ஒன்றைப் பலமுறை இழுத்து விட்டு உதட்டில் வைத்துப் பார்த்தால் அந்தச் சூடு தெரியும். காற்று குறையக் குறைய நசுங்கல் கூடும், இந்த இழப்பும் கூடும். வழவழப்பான வீதியில் இறுகிய டயர் நன்றாக ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது இழப்பு ஓட்டுபவரின் உடலில் நடக்கிறது. கிரவலில் இதுவே பெரியது. டயர் விறைப்பாக இருந்தால் ஒரு சிறு கல்லுக்கும் முழுச் சக்கரமும் மேலே எழும்ப வேண்டும். பின்சக்கரத்தில் ஏறத்தாழ 48 கிலோ சுமை இருக்கிறது. அதை 5 மி.மீ. தூக்க 2.35 ஜூல் தேவை. ஒரு மீட்டருக்கு அப்படி இரண்டு கல் வந்தால் மீட்டருக்கு 4.7 ஜூல், அதாவது 4.7 நியூட்டன் தடை. காற்றின் முழுத் தடைக்கும் அது ஈடு! கல்லிலிருந்து இறங்கும்போது கொஞ்சம் திரும்பி வரும், மிச்சம் தொடை, இடுப்பு, தோள் தசைகளில் குலுங்கிக் கரைந்துவிடும். கரையில் ஓடி வந்த மறுநாள் மேல் முழுக்க உளைவது இதனால்தான்.

காற்றைக் குறைத்தால் டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. சக்கரம் எழும்புவதில்லை. அதோடு பிடியும் கூடும். டயர் தரையைத் தொடும் பரப்பு, சுமையை அழுத்தத்தால் வகுத்தால் வருவது: 48 கிலோவுக்கு 70 பிஎஸ்ஐயில் ஏறத்தாழ 10 சதுர செ.மீ., 35இல் 20 சதுர செ.மீ. உதிரிக் கல்லில் இந்த இரட்டிப்பு, விழுவதற்கும் விழாமல் தப்புவதற்கும் இடையிலான வித்தியாசமாகிவிடும்.

சரி, எவ்வளவு அடிப்பது? 70 கிலோ ஆளுக்கு, டியூப் போட்ட 40 மி.மீ. டயரில் முன்னே 35, பின்னே 40 பிஎஸ்ஐ நல்ல தொடக்கம். டியூப் இல்லாத டயரென்றால் 29, 33 போதும். 26 அங்குல மௌண்டன் சைக்கிளின் 50 மி.மீ. டயருக்கு 28, 32. 32 மி.மீ. டயரென்றால் 50, 55க்குக் கீழே இறங்க வேண்டாம். உடல் எடை 5 கிலோ கூடினால் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். கிரவல் பைக் என்று இறக்குமதியாகும் விலையுயர்ந்த சைக்கிள்களின் டயர் பெரும்பாலும் 38 முதல் 45 மி.மீ. அகலம். நம்முடைய 28 அங்குல நாட்டுச் சைக்கிளின் ஒன்றரை அங்குல டயரும் 40 மி.மீ. என்றே கணக்கு. தாத்தா காலத்துச் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டால் கால்வாய்க் கரைக்கு அது தாராளம்.

நாட்டுச் சைக்கிளில் ஒரு சிக்கல்: வால்டியூப் போட்ட வால்வு. உள்ளே இருக்கும் அந்தச் சின்ன ரப்பர் குழாய் காற்றைத் திரும்ப விடாது என்பதால், பம்பின் மீட்டர் டயரின் உண்மையான அழுத்தத்தைக் காட்டாது. அங்கே அடிமட்டம் (அளவுகோல்) உதவும். சைக்கிளைச் சுவரோடு நிறுத்தி, பின் ரிம்மின் விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு வழக்கமாக உட்காருவதுபோல ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். உயரம் நூற்றுக்கு 15 குறைய வேண்டும். சும்மா நிற்கையில் 36 மி.மீ. என்றால், ஏறியபின் 31க்கு அருகில். 33இல் நின்றால் காற்று அதிகம், 28க்கு இறங்கினால் ஆபத்து.

இன்னொன்று: விடியற்காலை 25 பாகையில் அடித்த 35 பிஎஸ்ஐ, வெயிலில் நின்று டயர் 45 பாகைக்குச் சூடானால் 38ஆகிவிடும். மதியத்தில் திரும்பும் பயணம் கரடுமுரடாகத் தோன்றினால் இதையும் பாருங்கள்.

குறைக்கும்போது வரும் ஆபத்து, டியூப் கடிபடுவது. மதகின் கொங்கிரீட் விளிம்பிலோ இன்டர்லொக் கல் தொடங்கும் இடத்திலோ வேகமாக மோதினால் டயர் ரிம் வரை நசுங்கும், இடையில் டியூப் மாட்டிக்கொள்ளும். ஓட்டையே காரணத்தைச் சொல்லிவிடும். பாம்பு கடித்ததுபோலப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருந்தால் காற்றுக் குறைவு, 4 பிஎஸ்ஐ கூட்டுங்கள். ஒற்றை ஓட்டையென்றால் முள்ளோ கண்ணாடியோதான். அதைத் தேடி எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் பத்து நிமிடத்தில் போய்விடும். டயரின் உட்புறத்தை வெறும் விரலால் தடவாமல் பழந்துணியால் துடையுங்கள், முள் இருக்குமிடத்தில் துணி மாட்டும். ஒட்டுப் போடும்போது பலர் அவசரப்படுகிறார்கள். சொலூஷன் ஈரமாக மினுங்கும்போதே ஒட்டை வைத்தால் அது நிற்காது. மினுமினுப்புப் போய் மங்கும் வரை ஐந்து நிமிடம் பொறுத்து, பிறகு அழுத்துங்கள்.

டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் பெரும்பாலும் ரப்பர்பால்தான். ஓட்டை விழுந்ததும் காற்று அதை வெளியே தள்ளும், குறுகிய வழியில் ரப்பர் துகள்கள் ஒன்றோடொன்று மோதித் திரண்டு அடைத்துக்கொள்ளும். வெட்டுப்பட்ட ரப்பர் மரம் தன் காயத்தை மூடுவதுபோலத்தான். பிரேசில் விதைகளிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்தில் வளர்த்த ரப்பர் கன்றுகள் 1876இல் இங்கே கம்பஹாவின் ஹெனரத்கொடை தோட்டத்தில்தான் நடப்பட்டன. 40 மி.மீ. டயருக்கு 60 மி.லீ. ஊற்றுங்கள். கொழும்பு வெக்கையில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கொருமுறை திறந்து பார்த்து 30 மி.லீ. சேர்ப்பது நல்லது.

மழை வந்தால் கதை மாறும். நம் கிரவல் பெரும்பாலும் இரும்பு ஒட்சைட்டுகள் நிறைந்த செம்புரைக்கல் உதிரி, கூடவே களிமண். காய்ந்திருக்கையில் அந்தக் களி கற்களை இறுகப் பிடித்துக்கொள்ளும், நனைந்தால் அதுவே சவர்க்காரம்போல வழுக்கும். அப்போது இன்னும் 3 பிஎஸ்ஐ குறைத்து, தண்ணீர்ப் பக்க ஓரத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி ஓட்டுங்கள். அங்கே மண் இளகிச் சரியும். கபரகொய்யா (நீர் உடும்பு) குறுக்கே வந்தால் முன்பிரேக்கை மட்டும் இறுக்காதீர்கள். உதிரி மண்ணில் முன்சக்கரம் வழுக்கினால் நிமிர்த்தவே முடியாது. நேராக வைத்து இரண்டையும் சேர்த்து மெல்லப் பிடியுங்கள். மே முதல் செப்டெம்பர் வரையும் ஒக்டோபர், நவம்பரிலும் பெருமழைக்கு மறுநாள் கரைக்குப் போகாமலிருப்பதே மேல். ஈர மண்ணில் டயர் கிழித்த தடம் காய்ந்து, பின்னால் வருபவரின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும்.

செம்மண் சைக்கிளையும் அரிக்கும். பிரேக் கட்டையில் புதைந்த மணல் துகள் அலுமினிய ரிம்மை உரசித் தேய்க்கும், குண்டூசியால் கிளறி எடுத்துவிடுங்கள். செயினில் எண்ணெயோடு சேர்ந்தால் அது அரைக்கும் பசையாகிவிடும். புதுச் செயினில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம், 304.8 மி.மீ. அது 306.3ஐத் தொட்டால் செயினை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பல்சக்கரமும் சேர்ந்து போகும். பமுனுகமப் பக்கம் கடல் உப்பும் ஒட்டும் என்பதால், வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, முழுதாகக் காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். எண்ணெய் உருளைக்குள் இருந்தால் போதும். வெளியே மிஞ்சுவதெல்லாம் அடுத்த முறை மண்ணைப் பிடித்துவைக்கும்.