பூ செயற்கை, தும்மல் நிஜம்

"தொடக்கூட இல்லை டாக்டர், பார்த்ததுமே மூக்கு ஒழுக ஆரம்பிச்சிடுது." அலர்ஜிக்கு மருத்துவம் பார்க்கும் எங்களிடம் இதைப் பலர் தயங்கித் தயங்கித்தான் சொல்வார்கள். 'சும்மா நடிக்கிறே' என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு வாங்கியிருப்பார்கள். அது நடிப்பில்லை.

1886இல் அமெரிக்க மருத்துவர் ஜான் மெக்கன்சி, ரோஜாவால் அவதிப்பட்டு வந்த ஒரு பெண்ணிடம் செயற்கை ரோஜாவைக் காட்டினார். மகரந்தமே இல்லாத பூ. ஆனாலும் அவருக்குத் தும்மலும் மூக்கடைப்பும் வந்துவிட்டன.

தும்மலையும் அரிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை, மூக்கிலும் குடலிலும் தோலிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் வெளியிடுகின்றன. ஒவ்வாத பொருள் பட்டால் அது நடக்கும் என்பது தெரிந்த கதை. இந்தச் செல்கள் நரம்பு முனைகளை ஒட்டியே இருப்பதால், மூளை கற்றுக்கொண்ட விஷயமும் நரம்பு வழியே அவற்றை எட்டக்கூடும். 1989இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளுக்கு முட்டைப் புரதத்தை ஊசியில் ஏற்றும்போதெல்லாம் ஒளியைச் சிமிட்டி, மின்விசிறியை ஓடவிட்டார்கள். அப்புறம் ஒளியும் ஓசையும் மட்டும். அப்போதும் மாஸ்ட் செல்கள் வெளியிடும் நொதி இரத்தத்தில் ஏறியது, அதுவும் புரதத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது ஏறிய அளவுக்கு. எலிக்கு நடிக்கத் தெரியுமா?

உடல் நல்லதையும் இப்படிக் கற்றுக்கொள்கிறது. தூசிப் பூச்சி அலர்ஜி உள்ளவர்களுக்குப் புதுச் சுவையுள்ள பானத்தோடு அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பழக்கினார்கள். பின்னர் அதே பானத்தோடு வெற்று மாத்திரை கொடுத்தபோதும் தொல்லை குறைந்தது.

சரி, அப்படியானால் அலர்ஜியே மனப்பிரமையா? இல்லவே இல்லை. இதைப் படித்துவிட்டு யாருடைய சாப்பாட்டிலும் ரகசியமாக எதையாவது கலந்து 'சோதித்து'ப் பார்க்காதீர்கள், உயிரே போகலாம். தொண்டை வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, தலைசுற்றி விழுந்தாலோ காரணத்தை ஆராய வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே போட்டுவிட்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

எது உண்மையான ஒவ்வாமை, எது கற்றுக்கொண்ட எதிர்வினை என்பதை அறிகுறியை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம்; ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். தோல் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எங்கள் கண்காணிப்பில் அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பது என்று போக வேண்டியிருக்கும். எங்களிடம் வரும்போது, தொல்லை வந்த நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு, எங்கே இருந்தீர்கள், என்ன வாசனை வந்தது, எதைப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். வெறுமனே பார்த்து வந்த தும்மலையும் மறைக்காமல் சொல்லுங்கள்.